கதிரவன் முகத்தில் ஒரு கரும்புள்ளி

வேலி போட முடியாத வெளி ஒன்று உண்டு, அது வானம். நிலத்துக்குப் பட்டா உண்டு. நீருக்கு வாய்க்கால் உரிமை உண்டு. தெருவுக்குக்கூட ஒரு காலத்தில், ‘இன்னார் நடக்கலாம், இன்னார் நடக்கலாகாது’ என்ற கட்டளை இருந்ததுண்டு. வானத்துக்கு மட்டும் எவராலும் வாயில் வைக்க முடியவில்லை. காவல் போடவும் முடியவில்லை. குடிசையின் கூரை ஓட்டை வழியே எட்டிப் பார்த்தவனுக்கும், கோபுர மாடத்தில் நின்று பார்த்தவனுக்கும் ஒரே திங்கள்தான் தெரிந்தது.

ஆனால், வானைப் பற்றிய அறிவு? அங்கே வேலி இருந்தது. அடுத்த மறைப்பு எப்போது வரும் என்பதைச் சிலரே கணித்தனர், மற்றவரெல்லாம் கேட்டனர். ஏன் வருகிறது என்று கேட்டவருக்குக் கணக்கைக் காட்டவில்லை, பாம்பைக் காட்டினர். இராகு விழுங்கினான், கேது விழுங்கினான் என்ற கதையைக் கேட்டுக் கதவடைத்துக் கிடந்தது நாடு.

அந்த வேலி எப்படி விழத் தொடங்கியது? அரிதினும் அரிதான ஒரு வான் நிகழ்ச்சியின் வரலாற்றைப் பார்த்தால் அது விளங்கும். கதிரவனின் முகத்தின் குறுக்கே வெள்ளிக்கோள் ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து செல்லும் நிகழ்ச்சி அது. அதன் கதையில் புதுச்சேரி வருகிறது, சென்னை வருகிறது, நாம் பாடம் சொல்லித்தரும் சிறுசேரிக்கும் அதில் வேலை இருக்கிறது.

அரிதாவது ஏன்?

விடிவெள்ளி என்றும் மாலை வெள்ளி என்றும் நாம் அழைப்பது ஒரே கோள்தான். அது கதிரவனைச் சுற்றிவரும் பாதை, நம் நிலவுலகின் பாதைக்கு உள்ளே அமைந்திருக்கிறது. ஏறத்தாழ 584 நாளுக்கு ஒருமுறை வெள்ளி நமக்கும் கதிரவனுக்கும் இடையே வருகிறது. அப்படியானால் ஒவ்வொரு முறையும் கரும்புள்ளி தெரிய வேண்டுமே! தெரிவதில்லை. இரண்டு பாதைகளும் ஒரே தளத்தில் இல்லை. வெள்ளியின் பாதை மூன்று பாகைக்குச் சற்று மேலாகச் சாய்ந்திருக்கிறது. ஆகவே பெரும்பாலும் அது கதிரவனுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிப் போய்விடுகிறது. சரியாக நேர்க்கோட்டில் வருவது எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை; பிறகு நூறாண்டுக்கும் மேலான காத்திருப்பு. 1761, 1769, 1874, 1882, 2004, 2012. அடுத்தது 2117 டிசம்பர் 11.

அதை முதன்முதலாகக் கண்டவர்கள் யார்? அரசர்கள் அமர்த்திய வானியலாளர் அல்லர். 1639-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், இருபது வயதை ஒட்டிய ஜெரிமியா ஹாராக்ஸ் என்ற இளைஞர், பெரியவர்கள் விட்டுச்சென்ற கணக்கில் பிழை கண்டார், திருத்திக் கணித்தார், நாளைக் குறித்தார். மான்செஸ்டரில் துணி வணிகம் செய்துவந்த நண்பர் வில்லியம் கிராப்ட்ரீக்கு மடல் எழுதினார். உலகில் அந்த நிகழ்ச்சியைக் கண்டதாகப் பதிவு செய்தவர்கள் இந்த இருவர் மட்டுமே. தொலைநோக்கியின் வழியே வந்த கதிரவன் உருவைத் தாளில் விழவைத்துப் பார்த்தார் ஹாராக்ஸ். கிராப்ட்ரீயோ, கண்ட வியப்பில் அளவெடுக்கவும் மறந்து நின்றாராம்! ஊதியத்துக்காக வானைப் பார்த்தவர்கள் அல்லர் இவர்கள், ஆர்வத்துக்காகப் பார்த்தவர்கள். இன்று ‘வான் நோக்கும் ஆர்வலர்’ என்று நாம் சொல்லும் கூட்டத்துக்கு மூதாதையர் என்று இவர்களைச் சொன்னால் பொருந்தும்.

கரும்புள்ளியில் அளவுகோல்

கரும்புள்ளி ஊர்வதைப் பார்ப்பதால் பயன் என்ன என்று கேட்கலாம். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்ந்ததுபோல் தோன்றும். இரு கண்களுக்கும் இடையே உள்ள தொலைவு தெரிந்தால், விரல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். நிலவுலகின் இரு மூலைகளில் நிற்கும் இருவரை இரு கண்கள் என்று கொள்ளுங்கள், வெள்ளியே விரல். இருவரும் வெள்ளி கதிரவனைக் கடக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டால், கதிரவன் நமக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அளக்கலாம். இந்த வழியை 1716-இல் விரித்துரைத்தவர் எட்மண்ட் ஹாலி. அடுத்த நிகழ்ச்சியைத் தாம் காண உயிரோடு இருக்கப் போவதில்லை என்று அறிந்தே, பின்வருவோருக்காக எழுதிவைத்தார்.

பின்வந்தோர் மறக்கவில்லை. 1761-இல் உலகின் பல மூலைகளுக்கும் கப்பல்கள் புறப்பட்டன. சென்னையில் ஆளுநர் பிகட்டின் மாளிகையில் பாதிரியார் வில்லியம் ஹர்ஸ்ட் தொலைநோக்கியுடன் நின்றார். பிரான்சிலிருந்து புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டார் லெ ஜாந்தி என்ற வானியலாளர். ஆனால் அந்தோ! அவர் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்டது. கரும்புள்ளி கதிரவனைக் கடந்த நாளில் அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலின்மேல் நின்றார். ஆடும் தளத்தில் அளவெடுப்பது எங்ஙனம்?

மனம் தளரவில்லை அவர். எட்டு ஆண்டு காத்திருந்தார். மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமான புதுச்சேரிக்கு 1768-இல் வந்து, போரில் இடிந்த மாளிகையின் எச்சத்தின்மீதே ஒரு வானோக்ககம் அமைத்தார். பகைவராய் இருந்த ஆங்கிலேயர் சென்னையிலிருந்து தொலைநோக்கி ஒன்றை இரவல் அனுப்பினர். 1769 சூன் 4. முந்தைய நாள் மாலை வரை வானம் பளிங்கு போலிருந்தது. விடியலில் மேகம் திரண்டது. நிகழ்ச்சி முடிந்த பிறகு கலைந்தது! 1771-இல் நாடு திரும்பியபோது, இறந்துவிட்டார் என்று கருதி உறவினர் அவர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அறிவியல் கழகத்தில் அவர் இருக்கையும் வேறொருவருக்குப் போயிருந்தது.

சோழியும் மனப்பாடமும்

லெ ஜாந்தியின் பயணம் வீண் என்று எழுதுவோர் உண்டு. நமக்கு அது வீணாகத் தோன்றவில்லை. புதுச்சேரியில் தங்கியிருந்தபோது அவர், ஒரு தமிழரிடம் வான்கணிதம் கற்றார். தாளும் இறகும் இல்லாமல், சோழிகளைத் தரையில் நகர்த்தி, மனத்தில் பதித்த வாய்பாடுகளைக் கொண்டு மறைப்பைக் கணித்த அந்தத் தமிழரின் விரைவைக் கண்டு வியந்தார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த திங்கள் மறைப்பின் கால அளவில் தமிழர் கணக்கு 41 நொடி குறைந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த மேயரின் அட்டவணையோ 68 நொடி மிகுந்தது என்று பதிந்துவைத்தார்.

பெருமைதான். மார்பு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அறுபது ஆண்டுக்குள் மற்றொரு சான்று கிடைக்கிறது. சென்னை வானோக்ககத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலிதம்’ என்ற தம் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அதே சோழி முறையில் அவ்வாண்டின் திங்கள் மறைப்பைக் கணித்துக் காட்டியதை விரிவாக எழுதினார். தொடக்கம் 4 நிமிட வேறுபாட்டில் வந்தது; நடுப்பகுதி 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. கணிதரின் நினைவாற்றல் வாரனை வியக்கவைத்தது. ஆனால் தாம் செய்யும் கணக்கின் பொருள் என்ன, அடிப்படை என்ன என்பது அந்தக் கணிதருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் அவர் குறித்தார்.

இந்த ஒரு வரியில்தான் நம் வீழ்ச்சியின் வரலாறு அடங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் வானை உற்றுநோக்கி, அளந்து, சிந்தித்து உருவாக்கிய கணிதம், சில வீடுகளுக்குள் அடைபட்டு, தந்தை மகனுக்குச் சொல்ல மகன் ஒப்புவிக்க, ஏன் என்ற கேள்வி எழாமல் மனப்பாடமாக உறைந்துவிட்டது. கேள்வி கேட்பாரில்லாத அறிவு தன் பிழையைத் திருத்திக்கொள்ளாது. நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு நிமிடமாக வளர்வது அப்படித்தான். ஊரார் அனைவரும் கணக்கைக் கற்றிருந்தால், ஒருவன் பிழையை மற்றொருவன் சுட்டியிருப்பானன்றோ!

கல்லில் எழுதிய தமிழ்

மறுபுறம் ஆட்சியாளரைப் பாருங்கள். எழும்பூரில் வில்லியம் பெட்ரி தம் சொந்தச் செலவில் 1786-இல் தொடங்கிய வானோக்ககம், பிறகு கும்பெனியின் கைக்கு மாறி, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் பெற்றது. கருவியைத் தாங்க அங்கே நிறுத்திய கருங்கல் தூண், வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதில் இலத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து வெட்டினர். ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும், ஆசியாவில் கணித அறிவியலை முதன்முதல் ஊன்றியது ஆங்கிலேயரின் பெருந்தன்மையே என்று அறிய வேண்டும் என்பது அந்தப் பொறிப்பின் கருத்து.

சோழியால் மறைப்பைக் கணித்த நாட்டில் கணிதத்தை ‘முதன்முதல்’ ஊன்றினார்களாம்! அதை விடுங்கள். கல்லில் தமிழ் எழுதியவர்கள், அந்தக் கட்டடத்துக்குள் கண்ட உண்மைகளைத் தமிழில் எழுதினார்களா? ஆய்வுகள் ஆங்கிலத்தில் கடல் கடந்து சென்றன. அடுத்த தெருவில் இருந்தவனுக்கு அந்தக் கட்டடத்தில் இரவெல்லாம் விளக்கெரிவது மட்டுமே தெரிந்தது. ஒருபுறம் பொருள் மறந்த மனப்பாடம். மறுபுறம் மொழி புரியாத பேரறிவு. இரண்டு மதில்களுக்கும் நடுவே மக்கள்.

இரு மதிலையும் தாண்டியவர்

அந்த மதில்களைத் தாண்டியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே சென்னை வானோக்ககத்தில் பணிக்குச் சேர்ந்து, தலைவர் நார்மன் போக்சனுக்கு முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் தென்வானின் ரெட்டிகுலம் என்ற விண்மீன் குழுவில், ஒளி கூடிக் குறையும் மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1868 ஆகஸ்டு 18-இல் நிகழ்ந்த முழுக் கதிரவ மறைப்பை வனபர்த்தியில் இருந்து ஆராய்ந்தார். குண்டூரில் ஜான்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் கதிரவனின் தீப்பிழம்புகளை ஒளிப்பிரிப்பால் ஆராய்ந்ததும் அதே மறைப்பில்தான். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகம் இரகுநாதாச்சாரியை உறுப்பினராக ஏற்றது.

இவையெல்லாம் அறிஞர் உலகம் மதிக்கும் செயல்கள். நாம் மதிப்பது மற்றொன்றை. 1874 டிசம்பர் 9-இல் வெள்ளி கதிரவனைக் கடக்கப் போகிறது. நூற்று ஐந்து ஆண்டுக்குப் பின் வரும் வாய்ப்பு. நிகழ்ச்சிக்கு முன்னரே அவர் ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தோடு நிற்கவில்லை, கன்னடம், உருது முதலிய நாட்டு மொழிகளிலும் வரச் செய்தார். வானியல் அறிந்தவர் ஒருவரும் பண்டிதர் ஒருவரும் உரையாடும் வடிவில், படங்களோடு, எது எதை மறைக்கிறது, ஏன் மறைக்கிறது, அதிலிருந்து கதிரவனின் தொலைவு எப்படி வெளிப்படுகிறது என்று விளக்கினார். பண்டிதரைக் கேட்கவைத்தார் பாருங்கள்! கேள்வியே தவறென்று இருந்த இடத்தில், கேள்வி கேட்பதையே நூலின் அமைப்பாக்கினார். பச்சையப்பன் மண்டபத்தில் அதே ஆண்டு பேசும்போது, நம் நாட்டார் பயில்வதற்கென்றே ஒரு வானோக்ககம் வேண்டும் என்று செல்வர்களை வேண்டினார். கண்டு சரிபார்க்கும் திருக்கணித முறையில் பஞ்சாங்கத்தைத் திருத்தவும் முயன்றார். மரபு சொன்னது என்பதற்காக ஒரு கணக்கை ஏற்க வேண்டியதில்லை. வானம் ஒப்புகிறதா என்று பார்த்து ஏற்க வேண்டும் என்பது அந்த முயற்சியின் பொருள். பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்தவரே இதைச் செய்தார் என்பதால், அதன் மதிப்பு கூடுகிறதேயன்றிக் குறையவில்லை. 1880-இல் அவர் மறைந்தார்.

அந்த டிசம்பர் காலையில் கதிரவனை நோக்கியவர்கள் அரசு ஊழியர்கள் மட்டுமல்லர். விசாகப்பட்டினத்தில் நரசிங்கராவ் என்பவர் தம் வீட்டு வானோக்ககத்திலிருந்து வெள்ளியின் கடப்பைப் பதிவு செய்து, இலண்டன் கழகத்துக்கு எழுதினார். ஒடிசாவின் மலைச்சிற்றூரில், தாமே செய்துகொண்ட கருவிகளோடு வானை ஆராய்ந்த சமந்த சந்திரசேகரும் அக்கரும்புள்ளியைக் கண்டார். ஹாராக்சும் கிராப்ட்ரீயும் இங்கிலாந்தில் மட்டுமா பிறப்பார்கள்?

பூட்டிய கதவுகள், திறந்த திடல்கள்

அதன்பின் நூறாண்டுக்கு மேல் சென்றும் அச்சம் போயிற்றா? 1980 பிப்ரவரி 16-இல் முழுக் கதிரவ மறைப்பு இந்தியாவில் தெரிந்தது. விண்கலம் செலுத்தத் தொடங்கிவிட்ட நாட்டில், நண்பகலுக்குப் பிறகு நகரத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன! அந்த ஆண்டிலேதான் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பிறந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஆர்வலர்களும் ஊர் ஊராகச் சென்றனர். தொலைநோக்கி செய்யக் கற்றுத்தந்தனர். கண்ணைக் காக்கும் வடிகண்ணாடிகளைப் பரப்பினர். ஊசித்துளையிட்ட அட்டையால் கதிரவன் உருவைச் சுவரில் வீழ்த்திக் காட்டினர். 2004 சூன் 8-இல் வெள்ளி கடந்தபோதும், 2012 சூன் 6-இல் உதிக்கும் கதிரவனிலேயே கரும்புள்ளி தெரிந்தபோதும், திடல்களிலும் கடற்கரைகளிலும் மக்கள் வரிசையில் நின்றனர். 2019 டிசம்பர் 26-இல் கோவை, ஈரோடு, திண்டுக்கல் வழியே கங்கண மறைப்பு சென்றபோது, அந்தப் பொன்வளையத்தைக் காண அயலூர்களிலிருந்தும் மக்கள் பயணம் செய்து வந்தனர். கூடினர், கண்டனர், கேட்டனர். ஒருவர் கண்ணும் கெடவில்லை, முறையாகப் பார்த்த இடங்களில்; ஒருவர் குடியும் கெடவில்லை, எந்த இடத்திலும்.

ஆனால் வெற்றி முழக்கம் செய்ய இன்னும் நேரம் வரவில்லை. சிறுசேரியை எண்ணிப் பாருங்கள். ஏரியும் வயலுமாய் இருந்த சிற்றூர், இன்று கண்ணாடிக் கட்டடங்களின் காடு. உலகத்தின் கணக்குகளை இரவும் பகலும் கணிப்பொறியில் போடும் ஊர். சென்னைக் கணிதவியல் கழகமும் இங்கேதான் இருக்கிறது. விளக்குகளின் வெளிச்சத்தில் விண்மீன்கள் மங்கிவிட்டன. மூடநம்பிக்கை மட்டும் மங்கவில்லை.

2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு. முழுத் திங்கள் மறைப்பு. வான் நோக்கும் ஆர்வலர் சிலர் தொலைநோக்கிகளோடு ஏரிக்கரைக்கு வந்தனர். நம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்திருந்தோம்; பாதிப்பேரே வந்தனர். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தந்தையோடு வந்து, நம் அருகே நின்று மெல்லச் சொன்னாள்: “சார், அக்கா பிள்ளைத்தாய்ச்சி. சாயங்காலமே உள்ளறையில் வைத்துவிட்டார்கள். முடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதாம்.”

புழுக்கமான இரவு. 9.57-க்கு நிழல் தொட்டது. பதினொரு மணியளவில் திங்கள் முழுதும் செம்பு நிறமாயிற்று. அந்நிலை 82 நிமிடம் நீடிக்கும். எல்லாம் முடிய நள்ளிரவு தாண்டி 1.26 ஆகும். அதுவரை நாவறண்டு கிடக்க வேண்டியவள், உடலில் இரண்டுயிர் சுமப்பவள்! அந்தப் பெண்ணிடம் நாம் பாட்டியைப் பழித்துப் பேசவில்லை. ஆர்வலர்களில் ஒருவர் மூன்று பந்துகளையும் ஒரு கைவிளக்கையும் வைத்து நிழல் விழும் விதத்தைக் காட்டினார். திங்களின்மேல் விழுந்த விளிம்பு வளைந்திருந்ததைச் சுட்டி, “அது நம் நிலவுலகின் நிழல், நீயும் நானும் நிற்கும் தரையின் நிழல்” என்றார். அவள் அதைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டு தந்தையோடு விரைந்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் வகுப்பில் சொன்னாள்: “அக்காவிடம் படத்தைக் காட்டினேன், சார். பாட்டியும் பார்த்தார்கள். அப்பாதான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.”

ஒரு குவளைத் தண்ணீர்! வரலாற்று நூல்களில் அது இடம்பெறாது. ஆனால் இரகுநாதாச்சாரி எழுதிய உரையாடல் நூலும், அறிவியல் இயக்கத்தார் சுமந்து திரிந்த தொலைநோக்கிகளும் எதற்காக என்று கேட்டால், அந்தக் குவளைத் தண்ணீருக்காக என்றே விடை சொல்வோம். அஞ்சுகிறவன் அறிவிலி அல்லன், அறியவிடாமல் தடுக்கப்பட்டவன். கணக்கை அவன் மொழியில் அவன் கையில் கொடுத்தால், அச்சத்தை அவனே விலக்குவான்.

இனி வரும் நாள்கள்

வானம் நமக்கு முன்னரே நாள் குறித்துத் தந்திருக்கிறது. 2031 மே 21-இல் கங்கண மறைப்பு ஒன்று தென்தமிழ்நாட்டின் வழியே செல்லும். இப்போது நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது கல்லூரியில் இருப்பர். அன்று அவர்கள் கதவடைத்துக் கிடப்பார்களா, கருவியோடு திடலில் நிற்பார்களா? அதை இராகு முடிவு செய்யப் போவதில்லை. கேதுவும் முடிவு செய்யப் போவதில்லை. நாம் இன்று எழுதும் தமிழும், நாம் இன்று காட்டும் பாடமும் முடிவு செய்யும்.

ஒவ்வொரு பள்ளியும் ஒரு தொலைநோக்கி வைத்திருக்கட்டும். அது கைகூடும்வரை ஊசித்துளை அட்டை போதும். அதற்குச் செலவு ஏது? ஊருக்கு ஓர் ஆசிரியர் ஒரு மறைப்புக்கேனும் பிள்ளைகளைக் கூட்டிச்சென்று காட்டட்டும். காட்டுவதோடு நில்லாமல் கணக்கையும் சொல்லட்டும். 2117-இல் வெள்ளி மீண்டும் கதிரவனைக் கடக்கும்போது நாம் இருக்க மாட்டோம். ஹாலியும்தான் இருக்கவில்லை. அவர் எழுதிவைத்தார், நாமும் எழுதிவைப்போம்.